கொழம்பக்கா

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. நான்தான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் பட்டாசுக் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் கொழம்பக்கா.

கம்பெனி சிவகாசிக்கு வெளியே, ஆனைக்குட்டம் அணைக்குப் போகிற பக்கம் கருவேலங்காட்டுக்கு நடுவில் இருந்தது. நான் பி.காம் முடித்துவிட்டு அங்கே ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் விருதுநகரிலிருந்து பஸ். அக்காவுக்கு கேட்டில் வேலை. உள்ளே போகிற பெண்கள் ஒவ்வொருவரையும் நிறுத்தி, செல்போன் இருக்கிறதா, தீப்பெட்டி இருக்கிறதா, நைலான் சேலை கட்டியிருக்கிறார்களா என்று பார்த்து அனுப்ப வேண்டும். தூக்குச்சட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். திறக்கும்போது கேட்பாள்.

"என்னத்தா, இன்னைக்கு என்ன கொழம்பு?"

திறந்த சட்டிக்குள் குழம்பு கண்ணுக்கு முன்னால் இருக்கும். இருந்தாலும் கேட்பாள். பதில் சொல்லாமல் உள்ளே போக முடியாது. ஒருநாள் ஒரு பெண்ணுக்குக் கடைவாய்ப் பல் வலி. வாயைத் திறக்க முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கையால் ஜாடை காட்டினாள். அக்கா விடவில்லை. "வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ தாயி" என்று அவளை ஓரமாக நிறுத்திவைத்தாள். பின்னால் வரிசை நீண்டது. அந்தப் பெண் கண்ணில் தண்ணீரோடு "புளிக்கொழம்பு" என்று முனகினாள். உடனே அக்காவின் முகம் மலர்ந்தது. "சம்முகத்தாயா! ஏன் தாயி, பல்லா? லவங்கம் வச்சியா? மகனுக்குக் காச்சல் விட்டுச்சா?"

அந்த மலர்ச்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எதிரில் நிற்பவள் பேசும்வரை அக்காவின் முகத்தில் கல்யாண மண்டப வாசலில் நிற்கிறவர்களின் பொதுவான சிரிப்பு ஒன்று இருக்கும். பேசியதும் அது போய், அந்த ஆளுக்கென்றே ஒரு முகம் வரும். மகனின் காய்ச்சல், மாமியாரின் முழங்கால், அடகில் கிடக்கும் கம்மல் எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்கும். இத்தனை பேரையும் இவ்வளவு அன்பாக வைத்துக்கொள்ள ஒரு மனுஷியால் முடியுமா என்று நாங்கள் ஆச்சரியப்படுவோம். காலையில் அவளிடம் ஒரு வார்த்தை பேசினால் அன்றைய நாள் நன்றாகப் போகும் என்று நம்பிய பெண்கள்கூட உண்டு. பட்டாசுக் கம்பெனியில் அப்படி ஒரு நம்பிக்கை வேண்டியிருக்கிறது.

அந்த அன்பில் எனக்கு முதலில் இடித்தது பங்குனிப் பொங்கல் சமயத்தில். விருதுநகர் கடைவீதியில் கூட்டம் நெரிந்தது. எதிரே அக்கா தனியாக வந்தாள். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். அவள் என்னை நேருக்கு நேர் பார்த்தாள். அதே பொதுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்துவிட்டு, பக்கத்து மிளகாய் வத்தல் கடையில் விலை விசாரிக்கப் போய்விட்டாள். நான் கூப்பிட்டிருக்கலாம். கோபத்தில் கூப்பிடவில்லை. மறுநாள் காலை கேட்டில் "என்ன கொழம்பு" என்று கேட்டபோது வேண்டுமென்றே வெடுக்கென்று, "வீட்டுல பொங்கல். கொழம்பு வைக்கல" என்றேன். "வாத்தா எங்காபீசு ராசாத்தி! நேத்து ஒங்க ஊருக்குத்தான் வந்திருந்தேன். ஒன்னயப் பாக்க முடியலையேன்னு இருந்துச்சு" என்றாள். அவள் சொன்னதில் கொஞ்சமும் நடிப்பு இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னொரு சம்பவம் அவள் வீட்டில் நடந்தது. தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. திருச்செந்தூருக்குப் போயிருந்த அவள் மகன் மொட்டை போட்டு, மீசையையும் எடுத்துவிட்டு நேராகப் பந்தலுக்கு வந்து நின்றான். அக்கா பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "வாங்க தம்பி, தங்கச்சி வீட்டுக்காரரு சொந்தமா? உக்காருங்க, எல போடச் சொல்றேன்" என்றாள். பந்தல் முழுவதும் சிரித்தது. பெத்த மகனையே தெரியலையா என்று ஆளாளுக்குக் கேலி செய்தார்கள். அவன் "யம்மா" என்றதும் அவளும் எல்லோரோடும் சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் டம்ளர் நிரம்பி இலையில் தண்ணீர் வழிந்ததை அவள் கவனிக்கவில்லை. விளையாட்டுக்குச் செய்தாளா, கண் பார்வை மங்கிவிட்டதா? கண் ஆஸ்பத்திரியில் போய்ப் பாருங்கள் என்று நான் சொன்னேன். போய்ப் பார்த்தாள். தூரப் பார்வை, கிட்டப் பார்வை இரண்டும் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு கொரோனா வந்தது. கம்பெனி மூடித் திறந்தபோது எல்லோர் முகத்திலும் முகக்கவசம். ஆபீசில் நாங்கள் ஒருவரை ஒருவர் தப்புத் தப்பாகக் கூப்பிட்டோம். போர்மேன் தன் சொந்த மச்சினியை வேறு யாரோ என்று நினைத்து அதட்டி, வீட்டில் சோறு கிடைக்காமல் திண்டாடினார். கேட்டில் மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை. துணிக்குப் பின்னாலிருந்து "கத்திரிக்கா" என்றோ "ரசந்தான்" என்றோ வந்தால் போதும், அக்கா பெயரைச் சொல்லிவிடுவாள். "எப்பிடிக்கா கண்டுபிடிக்கிறீக?" என்று கேட்டேன். "இதுல என்னத்தா இருக்கு? எப்பவும் போலத்தான்" என்றாள். எங்களைப் பார்த்துத்தான் அவளுக்கு ஆச்சரியம். "நீங்கள்லாம் ஏன் இப்பிடித் தடுமாறுறீக?"

அப்போதாவது எனக்கு ஏதாவது பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

அதற்கு அடுத்த தீபாவளி சீசனில் ஆர்டர் குவிந்தது. பின்பக்கம் இருந்த ஷெட்டுகளை உள்குத்தகைக்கு விட்டிருப்பதாகப் பேச்சு அடிபட்டது. சட்டப்படி அப்படி விடக்கூடாது. அதனால் ஆபீஸ் கணக்கில் எதுவும் கிடையாது. அந்த ஷெட்டுகளுக்கு வெளியூர் ஆட்கள் வந்தார்கள். எங்கள் பெண்கள் சிலரையும் அங்கே மாற்றினார்கள். பின்பக்க கேட்டைத் திறந்து அக்காவை அங்கே நிற்க வைத்தார்கள். முன்பக்க ஆபீசில் இருந்த நான் அந்தக் குத்தகைக்காரரை ஒருநாளும் பார்த்தது கிடையாது. தினமும் பார்த்தவள் அக்காதான்.

ஒரு மத்தியானம் மருந்து கலக்குகிற ரூமில் தீப்பிடித்தது. அதைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியாது. ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி என் மேசைமேல் விழுந்தது என்பதும், பின்பக்கம் ஓடியபோது அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பதும்தான் ஞாபகம். புகைக்குள்ளிருந்து பதில் வந்த பெயரை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள். முத்துமாரி என்கிற பெயரில் நின்றுவிட்டாள். அதையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். பதில் வரவில்லை.

முத்துமாரி அக்காவின் தெருக்காரி. அவளுடைய தங்கை ராஜியும் அதே தெருவில்தான். இறந்தவர்களில் ஊர்க்காரி அவள் ஒருத்திதான். பிழைத்த வெளியூர் ஆட்கள் எந்த ஊருக்கு எப்படிப் போனார்கள் என்றே தெரியவில்லை. குத்தகைக்காரர் என்று போலீஸ் ஒருவரைப் பிடித்தது. அவர், "எனக்கும் அந்த ஷெட்டுக்கும் சம்பந்தமே இல்லை, நான் அந்தப் பக்கம் வந்ததே கிடையாது" என்றார். எழுத்தில் எங்கும் அவர் பெயர் இல்லை. பிழைத்த எங்கள் பெண்கள் ஷெட்டுக்குள்ளேயே இருந்தவர்கள், கேட்டோடு பேசிவிட்டுப் போகிற அவரைப் பார்த்ததில்லை. அவர் தினமும் வந்தார் என்று சொல்ல இருந்த ஒரே ஆள் அக்கா.

ஜெயிலில் அடையாள அணிவகுப்பு என்று கூப்பிட்டார்கள். துணைக்கு நான் போனேன். என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். மதில் ஓரம் வேப்பமர நிழலில் ராஜியும் தெருப் பெண்கள் சிலரும் நின்றார்கள். அக்கா உள்ளே போகும்போது ராஜி அவள் கையைப் பிடித்து, "விட்ராதீக. எங்கக்காவ நெனச்சுக்கிட்டுக் கை காட்டுங்க" என்றாள்.

அக்கா வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"வரிசையா நிப்பாட்டியிருந்தாக. எல்லாம் ஒரே வயசு, ஒரே மாதிரி மீச. பேசச் சொல்லுங்கய்யான்னேன். பேசக்கூடாதுன்னுட்டாக. பாத்துச் சொல்லுங்கன்னாக. பாத்தேன். தெரியலன்னு சொல்லிட்டேன்."

"தெரியலையா?" என்றாள் ராஜி. "தெனமும் வந்தவன். ஒங்கள கெழவி கெழவின்னு கூப்புட்டவன்னு நீங்கதான சொன்னீக. ஒங்களுக்குத் தெரியல?"

"ஒருத்தன் பயந்துபோய் நின்னான் தாயி. நெத்தியெல்லாம் வேர்வ. அவனக் காட்டிருவோமான்னு கை எந்திருச்சுச்சு. ஆனா, பயந்தவனெல்லாம் குத்தவாளியா? யாரு பெத்த புள்ளயோ, குத்தம் செய்யாதவனா இருந்தா?"

ராஜி அவள் கையை உதறிவிட்டு நடந்தாள். மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள். பஸ்ஸில் யாரும் எங்கள் பக்கத்தில் உட்காரவில்லை. கிழவி விலை போய்விட்டாள் என்று ஊருக்குள் பேச்சு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. உண்மையைச் சொன்னால், பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒருவர் தினமும் வந்து பேசுகிறார். அவரைத் தெரியவில்லை என்கிறாள். பொய் சொல்லுகிற ஆளும் இல்லை. அப்படியென்றால் இது என்ன?

கம்பெனிக்கு சீல் வைத்தார்கள். எனக்கும் வேலை போனது. கல்லூரித் தோழி மூலமாக மதுரையில் ஒரு நரம்பியல் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் வரவேற்பு மேசையில் சேர்ந்தேன். அக்கா அவ்வப்போது போன் செய்வாள். தெருவில் யாரும் பேசுவதில்லை என்பாள். குழாயடியில் அவள் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நிற்கிறார்கள், ஒரு வார்த்தை கிடையாது. சண்டை போட்ட ஊரில் இதெல்லாம் நடப்பதுதானே என்று ஆறுதல் சொன்னேன். ஒருநாள் அவள் சொன்னது வேறு மாதிரி இருந்தது.

"தெருவே காலியாகிப்போச்சுத்தா. கண்ணு நல்லாத் தெரியுது. அங்கிட்டும் இங்கிட்டும் போறாக, வாராக. ஆனா, எங்க தெரு ஆளுக ஒருத்தரையும் காணோம். யாரோ அசலூருக்குள்ள வந்து குடியிருக்கிற மாதிரி இருக்கு."

வயதான காலத்துத் தனிமை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரத்திலோ அடுத்த வாரத்திலோ, பக்கவாதம் வந்து தேறிய பெரியவர் ஒருவரை அவர் மனைவி ஸ்கேனுக்குக் கூட்டிவந்தார். அந்த அம்மா காபி வாங்கிக்கொண்டு திரும்பி வந்து எதிரில் நின்றபோது பெரியவர் மரியாதையாக எழுந்து, "யாரு வேணும்?" என்று கேட்டார். அந்த அம்மா அலுக்காமல், "நான்தாங்க" என்றார். "அட, நீயா!" என்று பெரியவரின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் பார்த்திருக்கிறேன். கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் மூளை ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா ஒருவர் இருந்தார். என்னைவிடச் சின்ன வயது. அவரிடம் ஓடினேன். கடைவீதி, மொட்டை போட்ட மகன், குழம்பு, ஜெயில் என்று முன்னும் பின்னுமாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "கூட்டிட்டு வாங்க" என்றார். "பக்கவாதம் எதுவும் வந்ததில்லையே டாக்டர்?" என்றேன். "வரணும்னு இல்ல. சில பேர் பிறக்கும்போதே அப்படித்தான். இப்போதான் இதையெல்லாம் தேடிப் பார்க்க ஆரம்பிச்சிருக்கோம். தங்களுக்கு அப்படி இருக்குன்னே தெரியாம கடைசிவரைக்கும் வாழ்ந்து முடிச்சிடறவங்க இருக்காங்க."

அக்கா வந்தாள். ஸ்கேன் அறை வாசலில் வளையல், கம்மல், தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னபோது, "இங்கனயும் செக்கிங்கா?" என்று அந்தப் பணிப்பெண்ணைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தாள். மெஷினுக்குள் படுக்க வைத்து, கண்ணுக்கு மேலே படங்களைக் காட்டினார்கள். வீடுகள், முகங்கள், செருப்புகள், முகங்கள். உள்ளே சத்தம் அதிகம். வெளியே வந்து, "சரவெடிய ஒரு தகர டின்னுக்குள்ள போட்ட மாதிரியில்ல இருக்கு" என்றாள்.

பிறகு டாக்டரம்மா தன் அறையில் சில போட்டோக்களை வைத்தார். முடி, காது, கழுத்து எதுவும் இல்லாமல் முகம் மட்டும். மகனின் போட்டோவை நான் முன்பே வாங்கிக் கொடுத்திருந்தேன். அக்கா அதைப் பார்த்து, "நல்ல களையான பய" என்றாள். யார் என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்து ஒரு படம்.

"இந்தப் பொம்பள ஏன் இம்புட்டு வெசனமா இருக்கா? வீட்டுல எதும் துட்டியா, யாரும் செத்துப்போனாகளா?"

அது அவளுடைய படம். அன்று காலையில் நான் எடுத்தது.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அம்மா, உங்க கண்ணுல குறை இல்ல. ஞாபகத்துலயும் குறை இல்ல," என்று அவர் மெதுவாகச் சொன்னார். "நமக்கெல்லாம் மூளையில வலது காதுக்குப் பின்னால, அடியில, முகத்தைப் படிக்கிறதுக்குன்னே ஒரு இடம் இருக்கு. வீட்டைப் பார்த்தா சும்மா இருக்கும், முகத்தைப் பார்த்தா வேலை செய்யும். உங்களுக்கு அந்த இடம் முகத்தையும் செருப்பையும் ஒண்ணு போலத்தான் பார்க்குது. ஒரு முகத்துல சோகம் இருக்கா, பயம் இருக்கான்னு பார்க்கிறது வேற வழி. அது உங்களுக்கு நல்லாவே இருக்கு. அது யார் முகம்னு சொல்ற வழிதான் இல்ல."

"அந்த எடம் கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போகல. அந்த இடமே அப்படியா, இல்ல அங்கிருந்து மத்த இடத்துக்குப் போற நரம்பு வழியில குறையான்னு எங்களுக்குள்ளேயே இன்னும் ஒத்துக்க முடியல. எங்களுக்கும் முழுசாத் தெரியாது அம்மா. பயிற்சி குடுத்துப் பார்க்கிறாங்க. மருந்துன்னு இப்போதைக்கு எதுவும் கிடையாது."

அக்கா மருந்தைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அப்ப நீங்கள்லாம் மூஞ்சியப் பாத்தே ஆளக் கண்டுபிடிச்சிருவீகளா? பேசாமயா?"

"ஆமாக்கா."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான்."

"ரோட்டுக்கு எதுத்தாப்புல நின்னாக்கூடயா?"

அந்த அறையில் எனக்கு வந்த குழப்பம் இன்றுவரை தீரவில்லை. தனக்கு ஒன்று இல்லை என்பதே அவளுக்கு அத்தனை வருஷமாகத் தெரியாது. எல்லோரும் தன்னைப் போலத்தான் குரலையும் நடையையும் கூட்டிப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள், தனக்குத்தான் கவனம் போதவில்லை என்று நினைத்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஆட்டோவில் அவள் வாய் ஓயவே இல்லை. அவள் புருஷன், பார்க்க வந்த அன்றைக்கு ஒன்று, கல்யாணத்தன்று வேறொன்று என இரண்டு ஆளாகத் தெரிந்ததைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் டீச்சரைத் தெரியாமல் திமிர் பிடித்தவள் என்று அடி வாங்கியதைச் சொன்னாள். நடுவில் திடீரென்று சொன்னாள்.

"முத்துமாரிக்குத் தெரியும். அவகிட்ட நான் சொன்னது கெடையாது. அவளாக் கண்டுபிடிச்சிருக்கா. தெருவுல வந்தாலும் கேட்டுக்கு வந்தாலும் தூரத்துலயே, 'நான் முத்துமாரி வந்துட்டேன்'னு சொல்லிக்கிட்டே வருவா. வெளாட்டுக்குச் செய்யிறான்னு நெனச்சேன்."

வெகுநேரமாக மனதில் இருந்ததை நான் கேட்டேன். "அப்ப அந்தக் கொழம்பு கேக்கிறதெல்லாம் ஆளக் கண்டுபிடிக்கத்தானாக்கா?"

"மொதல்ல கொரலுக்குத்தான் கேட்டேன்" என்றாள். "பெறகு கொழம்புக்கும் கேட்டேன்."

அவள் சொன்னதில் எனக்கு எந்தப் பாதி கிடைத்தது என்று தெரியவில்லை. ஒரு உபாயத்தைப் போய் அன்பு என்று எடுத்துக்கொண்டோமா, இல்லை அந்த உபாயத்தின் வழியாக உண்மையிலேயே அன்பு வந்து சேர்ந்ததா? கடைவீதியில் என்னைத் தாண்டிப் போனவளும் மறுநாள் என்னை ராசாத்தி என்றவளும் ஒரே ஆள்தான். எங்களில் பலருக்கு முகம் தெரியும், மாமியாரின் முழங்கால் ஞாபகம் இருக்காது.

ஆஸ்பத்திரியில் கேட்டதை ராஜிக்குப் போன் செய்து சொன்னேன். அவள் நம்பவில்லை. "மூஞ்சி தெரியாத வியாதியா? சொல்லுவீக. தப்பிக்கிறதுக்குப் புதுசு புதுசாக் கண்டுபிடிக்காக" என்று வைத்துவிட்டாள்.

அரசு வக்கீல் நம்பினார். நம்பியதால் பயந்தார். "அம்மா, கோர்ட்டுல நீங்களா இதை எடுக்காதீங்க. குத்தகைக்குன்னு ஒரு ஆள் தினமும் வந்தார், இன்ன இன்ன பேசினார், அதோட நிறுத்திக்கோங்க. முகமே தெரியாதுன்னு சொன்னா, அப்புறம் நீங்க சொல்ற எதுவும் நிக்காது" என்றார். சொன்னால் ஊருக்கு அவள் பொய்க்காரி இல்லை என்று ஆகும், ஆனால் முத்துமாரியின் கேஸ் போகும். சொல்லாவிட்டால் கேஸுக்குக் கொஞ்சம் உயிர் இருக்கும், அவள் விலைபோனவளாகவே இருக்க வேண்டும். எதைச் செய்யச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. அக்கா மட்டும், "கேட்டா சொல்லுவேன். கேக்காட்டி எனக்கென்ன" என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் கேட்டார். "தினமும் பார்த்தேங்கிறீங்க. ஜெயில்ல ஏன் தெரியலன்னு சொன்னீங்க?"

"எனக்கு யாரு மூஞ்சியும் தெரியாதுங்கய்யா. எம்மகன் மூஞ்சியும் தெரியாது. கொரலு தெரியும்."

வக்கீல் கையிலிருந்த பேப்பர்களை மூடி வைத்தார். அவர் எதிர்பார்க்காத பரிசு அது. பிறகு, முகமே தெரியாத ஒரு சாட்சி தன் கட்சிக்காரரை எப்படிக் குறிப்பிட்டுச் சொல்ல முடியும் என்று நீதிபதியைப் பார்த்துக் கேட்டார். அக்கா கூண்டுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அவரு ஒரு வார்த்த பேசட்டும்ங்கய்யா. நான் சொல்லிர்றேன்" என்றாள். குற்றம் சாட்டப்பட்டவரைப் பேசு என்று கட்டாயப்படுத்த முடியாது என்றார் நீதிபதி. அந்த ஆள் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். டாக்டரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்று வழக்கைத் தள்ளிவைத்தார்கள்.

அந்த வழக்கு இன்னும் வாய்தாவில்தான் இருக்கிறது. தப்பித்துப் போன வெளியூர் ஆட்களில் ஒருவரைத் தேடிப் பிடித்திருப்பதாகச் சொல்கிறார்கள். அது எப்படியும் போகட்டும். அன்றைக்கு வெளியே வந்ததும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கோர்ட் வாசலில் ராஜியும் தெருப் பெண்களும் நின்றார்கள். உள்ளே நடந்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள். அக்கா அவர்களைத் தாண்டி, யாரோ நிற்கிறார்கள் என்பதுபோல அந்தப் பொதுச் சிரிப்போடு நடந்தாள். ராஜியால் தாங்க முடியவில்லை.

"நில்லு கெழவி! எங்கக்கா கேச ஒரேயடியாச் சாகடிச்சிட்டயே! அந்தாளு சிரிச்சுக்கிட்டுப் போறான் பாத்தியா? ஒனக்கு நாக்கு அழுகிப்போகாதா?"

அக்கா சட்டென்று திரும்பினாள். அந்த முகம், நான் என்ன சொல்ல, மலர்ந்துவிட்டது.

"ராஜியா? ராஜிதானத்தா?"

"ஆமா, ராஜிதான்! அதுக்கென்ன இப்ப?"

"எம்புட்டு நாளாச்சு ஒங்கொரலக் கேட்டு! எளச்ச மாதிரி இருக்கே தாயி கொரலு. சாப்புடுறியா இல்லையா?"

ராஜிக்குக் கோபம் எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. பிறகு அழுகையோடு மறுபடி ஆரம்பித்தாள். அவள் தொடங்கியதும் மற்றவர்களும் அடக்கிவைத்திருந்ததை எல்லாம் கொட்டினார்கள். நடிக்காளே, பாரு நடிப்ப என்று ஒருத்தி. ஊரையே வித்துட்டா என்று இன்னொருத்தி. அக்கா ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒவ்வொரு பக்கம் திரும்பினாள். "இது சம்முகத்தாயி. அங்கன யாரு, குருவம்மாவா? ஏத்தா, ஒம்மருமக பெத்துட்டாளா?" கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். குருவம்மா வைகிற வேகத்திலேயே, "பெத்துட்டா, பொம்பளப் புள்ள, ஒனக்கு எதுக்கு அதெல்லாம்!" என்றாள்.

நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். அடித்துவிடுவார்களோ என்று பயம். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு அந்த வசவுக்கு நடுவில் போய் நின்றுகொண்டாள்.

போலீஸ்காரர் வந்து எல்லோரையும் ரோட்டுக்கு விரட்டினார். அவர்கள் பேசி அமர்த்தி வந்த வேன் அங்கே நின்றது. ராஜி மூக்கைச் சிந்திவிட்டு, அக்காவின் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

"ஏறு. வண்டிக்குள்ள வச்சுப் பேசிக்கிறேன் ஒன்னய."

கூட்டிக்கொண்டு போகிறார்களா, பிடித்துக்கொண்டு போகிறார்களா என்று எனக்கு விளங்கவில்லை. அக்கா ஏறினாள். கதவை இழுத்துச் சாத்தினார்கள். வேன் சிவகாசி ரோட்டில் திரும்புகிறவரைக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.